உப்புக்காரன் குளம், வடமேற்கு மூலை

காலை ஐந்தே முக்கால்.
மன்னார்குடி இன்னும் பல் விளக்கவில்லை.
முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் மாட்டி
நான் குளத்தில் இறங்கிவிட்டேன்,
குளிக்க அல்ல.

முந்நூறு மில்லி புட்டி.
சாய்த்து இறக்கி, ஒரு குமிழிகூடப் புகாமல்
நீருக்குள்ளேயே மூட வேண்டும்.
பிறகு இரண்டு மருந்து, இரண்டிரண்டு மில்லி.
தண்ணீரில் மூச்சிருந்தால் பழுப்பாய்த் திரளும்.
இல்லையென்றால் வெள்ளை.

வெள்ளை.
நான்கு மூலையிலும் வெள்ளை.
இளநீர் வழுக்கைபோல
பார்க்க அழகாகக்கூட இருந்தது.

படிவத்தில் ‘மணம்’ என்று ஒரு கட்டம்:
ஏற்கத்தக்கது, ஏற்கத்தகாதது.
மண்டபத்துப் புளித்த சாம்பார்,
பினாயில், முட்டைக்கோசு,
மூன்று நாள் மூடிக் கிடந்த வீடு,
எதையும் எழுத இடமில்லை.
ஒரு டிக்.

மீன் குத்தகை அஞ்சாம்புலி
கெண்டைகளைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தார்.
வயிறு வெளுத்து, வாய் திறந்து,
எல்லாம் மேலே பார்த்தபடி.
“ஆவணிக்குக் கிலோ நின்னுருக்கும்.
எந்த வீட்டுக் குழாய்னு மட்டும் சொல்லும்மா.
போய்ப் பேசிட்டு வர்றேன்.”
பேசுவதற்கென்றே
கைலியை மடித்துக் கட்டியிருந்தார்.

ஆகாயத்தாமரையை விலக்கினால் ஐந்து குழாய் வாய்.
நகராட்சி வரைபடத்தில் ஒன்றுமே கிடையாது.
அதில் பாமணியாற்றிலிருந்து ஒரு வாய்க்கால்
நீல மையில் நெளிந்து நெளிந்து
குளத்துக்குள் வருகிறது.
மேட்டூர் திறந்த சேதி அதன் வழியாகத்தான் வருமாம்.
அந்த நெளிவின் மேல் இப்போது
மண்டபத்துக் கார்கள் நிற்கின்றன.

ஆகவே பச்சைச் சாயம்.
ரிஃபாயுதீன் வீடு வீடாக ஏறி
கழிப்பறையில் ஒரு மூடி ஊற்றித் தண்ணீர் விடுவார்.
நான் குழாய் வாயில், கடிகாரத்தோடு.

பதினொன்றாம் எண்:
“நம்மள்ட்ட செப்டிக் டேங்க் இருக்கு சார்,
தஞ்சாவூர் ஆளை வச்சுக் கட்டுனது.”
ஆறு நிமிடத்தில் பச்சை.
பன்னிரண்டில் நாளை நிச்சயதார்த்தம்,
அடுத்த வாரம் வரச் சொன்னார்கள்.
பதிமூன்று என்று ஒரு வீடே இல்லை அந்தத் தெருவில்,
பன்னிரண்டு ஏ.
ராசி பார்த்து எண்ணை மாற்றியவர்கள்
குழாயை மாற்றவில்லை.
பல் ஆஸ்பத்திரிக்கு ஊற்றியபோது
வெளிர்ச் சிவப்பாய் ஏதோ வந்தது.
அது எங்கள் சாயமில்லை.

பதினேழில் ரிஃபாயுதீன் போன் செய்தார்.
“இதுக்கும் ஊத்தவாக்கா?”
“ஏன் கேக்குறீங்க?”
“உங்க வீடு.”

மாடிப் போர்ஷன்தான். வாடகைதான்.
ஆதாரிலும் கேஸ் புத்தகத்திலும் அந்த முகவரிதான்.
அட்வான்ஸ் கொடுத்த அன்று
தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று
இரண்டு தடவை கேட்டேன்.
எங்கே போகும் என்று
ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

ஊற்றுங்கள் என்றேன்.

நான்கு நிமிடம் இருபது வினாடி.
தெருவிலேயே எங்களுடையதுதான் வேகம்.
நட்ட பத்தாம் நாள் வயலுக்கு வருமே,
கண் கூசும் பச்சை, அது
குபுக்கென்று வந்து
என் பூட்ஸைச் சுற்றிக்கொண்டு
மிதந்த ஒரு கெண்டையின் வெள்ளை வயிற்றில்
நிறமேற்றி
படித்துறைப் பக்கம் போயிற்று.
நேற்றிரவு நான் கழுவிய குக்கரும்
அதே வழியாகத்தான் வந்திருக்கும்.

கரையிலிருந்து அஞ்சாம்புலி கத்தினார்:
“அது யார் வீடும்மா?”

பதினேழு என்று எழுதினேன்.
காசோலையில் எழுதுவதுபோல
முதலில் எண்ணால்,
அப்புறம் எழுத்தால்,
திருத்த முடியாதபடி.

அவர் கூடையைக் கீழே வைத்துவிட்டார்.
கைலியை இன்னும் இறக்கவில்லை.